பனிவண்டி ஏன் இழுக்கவில்லை?

நமது ஊரில் தோட்டத்து நீரிறைக்கும் யந்திரம் இழுக்க மறுத்தால், வேலியோரம் நின்று வைத்தியம் சொல்வதற்குக் குறைந்தது நான்கு பேராவது கூடிவிடுவர். ஒருவர் பிளக்கைக் கழற்றச் சொல்வார். மற்றவர் மண்ணெண்ணெயிலே தண்ணீர் கலந்துவிட்டது என்பார். மூன்றாமவர், யந்திரத்தை வாங்கிய நாளே சரியில்லை என்று கூறிச் சுருட்டைப் பற்ற வைப்பார். நான்காமவரே பெரும்பாலும் உண்மையான மெக்கானிக்காக இருப்பார். அவர் வாய் திறவாமல் நிற்பார். ஆனால், பூச்சியத்திற்குக் கீழே 24 பாகைக் குளிரில், கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மையன்றி வேறொன்றும் தோன்றாத ஓர் ஏரியின்மீது யந்திரமொன்று இழுக்க மறுத்தபொழுது, எம்மைச் சுற்றி அவ்வாறு ஒருவரும் இருக்கவில்லை. அந்த அனுபவத்தையும், பின்னர் அந்த யந்திரத்தின் நோயைக் கண்டுபிடித்த வரலாற்றையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

2019 ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் நாம் கனடாவில் இருந்தோம். எமது தமக்கையாரும் அத்தானும் ரொறன்ரோவின் ஒரு பகுதியான ஸ்காபரோவில் வாழ்கின்றனர். அவர்களுடைய மகன், அதாவது எமது மருமகன், உத்தியோகத்தின் நிமித்தம் அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நோர்த் பே என்னும் நகரில் குடியிருந்தான். அந்நகரம் நிப்பிசிங் என்ற பெரிய ஏரியின் கரையிலே அமைந்தது. மாரியில் அவ்வேரி முழுவதும் உறைந்துவிடும். ஊரவர் அதன்மேல் சிறு மரக்குடில்களைக் கொண்டுபோய் நிறுத்தி, உள்ளே கணப்பு மூட்டி, பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போடுவர். அக்குடில்களுக்குச் செல்வதற்கு அவர்கள் ஏறிச் செல்லும் வாகனமே ஸ்னோமொபைல் எனப்படும் பனிவண்டி. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் சுழலும் அகன்ற இறப்பர்ப் பட்டை, நடுவே மோட்டார் சைக்கிளின் இருக்கை போன்றதோர் இருக்கை: இவ்வளவுதான் வண்டி.

மருமகன் எண்ணூறு டொலருக்கு ஒரு பழைய வண்டியை வாங்கி வைத்திருந்தான். அது 1982 ஆம் ஆண்டிலே செய்யப்பட்டது. அவனிலும் பதினொரு வயது மூத்தது. “மாமா, உங்களை ஏரிக்குக் கூட்டிப்போகிறேன்” என்று அவன் அழைத்தபோது, எமது தமக்கையார் தடுத்ததையும் பொருட்படுத்தாது நாம் இசைந்தோம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இத்தகைய ஆசை எங்கிருந்து வருகின்றது என்பது தெரியவில்லை.

போகும்போது வண்டி ஒருவாறு ஓடிற்று. அடுத்த வீட்டில் வசிக்கும் பிரெஞ்சு மொழி பேசும் முதியவர் ஒருவரின் குடில், கரையிலிருந்து ஆறு கிலோமீற்றர் உள்ளே இருந்தது. அவருடைய வண்டி எம்மைத் தாண்டிப் பறந்தது. எமது வண்டியோ பெருமூச்சு விட்டு, மெல்ல மெல்ல வேகம் ஏறி, மணிக்கு நாற்பது கிலோமீற்றரோடு அமைதி கண்டுவிட்டது. விசையை எவ்வளவு அழுத்தினாலும் அதற்கு மேல் ஒரு முழக்கமேயன்றி வேகமில்லை. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று மருமகன் சமாதானம் கூறினான்.

திரும்பும் வழியிலேதான் அபாயம் காத்திருந்தது. ஏரியின்மேல் பனி கனமாகப் பெய்தால் அதன் பாரத்தினால் பனிக்கட்டித் தளம் சற்றே தாழும். வெடிப்புகளினூடாக நீர் மேலே கசிந்து, மேற்பனிக்கு அடியிலே கூழாகக் கிடக்கும். மேலே பார்ப்பவர்க்கு எல்லாம் ஒரே வெண்மை. இத்தகைய இடத்தில் வண்டி அகப்பட்டால் ஒரே உபாயந்தான் உண்டு: விசையை முழுதும் கொடுத்து, வேகத்தினால் அதைக் கடந்துவிட வேண்டும். இழுக்கும் வண்டி கடந்துவிடும். இழுக்காத வண்டி அமிழும். எமது வண்டி அமிழ்ந்தது. மருமகன் இறங்கித் தள்ள, நாம் விசையை அழுத்த, வண்டி முனகிற்றேயன்றி அசையவில்லை. அவனுடைய ஒரு காலணிக்குள் நீர் புகுந்துவிட்டது. நேரம் மாலை நான்கு மணிக்கு மேல். அந்நாட்களில் அங்கே சூரியன் ஐந்தேகால் மணியளவில் மறைகின்றது. கரை இன்னும் நான்கு கிலோமீற்றர் தொலைவில் இருந்தது.

கைப்பேசியில் அழைத்ததும் அந்த முதியவர் வந்து சேர்ந்தார். அதற்கிடையில் ஐம்பது நிமிடங்கள் கழிந்தன. அவர் வந்தபோது மருமகனின் இரண்டு கால்விரல்கள் உணர்ச்சியற்று மெழுகு போல் வெளுத்திருந்தன. அவற்றைத் தேய்க்கக் கூடாது என்று முதியவர் கண்டிப்பாகச் சொன்னார். வீட்டிலே உடற்சூட்டினும் சிறிதே மிகுந்த வெந்நீரில் பாதத்தை வைத்திருந்த பின்னர் விரல்கள் சிவந்து, எரிந்து, உயிர் பெற்றன. தமக்கையார் அன்றிரவு எம்முடன் பேசவில்லை. மகனிடம் மாத்திரம் ஒரே வாக்கியம் பேசினார்: “நாளைக்கே அதை வித்துப்போடு.”

இவ்விடத்தில் அத்தானைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அவர் 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வு வரையில் கொக்குவிலில் ஒரு சிறு மோட்டார்த் திருத்தகம் வைத்திருந்தவர். 1990 களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் மருந்துக்கும் அரிதாகிவிட, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் இன்றும் பலர் உளர். சிறு புட்டியிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு யந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோலுக்கென்று செய்த யந்திரத்தை வேறோர் எண்ணெயில் ஓட வைப்பவன், அதன் மூச்சை நன்கு அறிந்திருக்க வேண்டும். கனடாவில் அத்தானுக்கு வாய்த்தது ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஒரு காபுரேற்றரையும் தொட்டதில்லை. மகனோடு அவர் பேசுவதும் சொற்பம். அவருடைய ஆங்கிலமும் அவனுடைய தமிழும் பாதி வழியிலே சந்திப்பதில்லை.

அவர் மறுநாட் காலை தேநீர் அருந்தும்போது தமக்கையாரிடம் ஒரு நியாயம் பேசினார். “விக்கிறதெண்டால் குறையைச் சொல்லி விக்கவேணும். இல்லாட்டி வாங்கிறவன் ஏரியிலை நிண்டு எங்களைத் திட்டுவான். குறையைச் சொல்லவேணுமெண்டால் அது என்னெண்டு தெரியவேணுமெல்லோ?” இதற்குத் தமக்கையாரிடம் மறுமொழி இருக்கவில்லை. நகரிலுள்ள திருத்தகம் ஒன்று, இவ்வளவு பழைய வண்டிக்குச் செலவிடும் கூலி வண்டியின் விலையை மிஞ்சும் என்று கூறி, அதைக் கையேற்க முன்னரே மறுத்திருந்தது.

வண்டி பிறந்த கதை

இவ்வண்டியின் பிறப்பிலும் ஒரு துயரம் உண்டு. கியூபெக் மாகாணத்திலுள்ள வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப்-ஆர்மன் பொம்பார்டியே என்பவர் பிறந்தார். பதினைந்தாவது வயதில், 1922 ஆம் ஆண்டிலே, பழைய போர்ட் காரின் யந்திரத்தையும் விமானத்திற் போன்ற காற்றாடியையும் ஒரு சறுக்குவண்டியிற் பூட்டி ஊரை அதிர வைத்தவர் அவர். பின்னர் மோட்டார்த் திருத்தகம் வைத்திருந்தார். அக்காலத்தில் மாரி வந்தால் கிராமத்து வீதிகள் பனியால் மூடுண்டு கிடக்கும். கார்கள் வசந்தம் வரும்வரை உறங்கும். 1934 ஆம் ஆண்டு மாரியில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்றழற்சியால் வருந்தியபோது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. பல்சக்கரத்தினால் சுழற்றப்படும் இறப்பர்ப் பட்டையை அவர் அதன் பின்னரே செம்மைப்படுத்தினார். 1937 இல் எழுவர் அமரக்கூடிய மூடிய பனிவண்டிகள் விற்பனைக்கு வந்தன. வைத்தியரும், தபாற்காரரும், பள்ளிப் பிள்ளைகளும் அவ்வகை வண்டிகளிற் சென்றனர்.

இரண்டொருவர் ஏறும் சிறிய வண்டி வந்தது 1959 இல். வடக்கே நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளுக்குப் பதிலாகவே அதை அவர் எண்ணினார். அதன் முதல் வண்டிகளுள் ஒன்று ஒன்ராறியோவின் வடகோடியில் ஊழியம் செய்த கத்தோலிக்கக் குரு ஒருவருக்குப் போயிற்று. பத்தாண்டு கழியுமுன், 1968 இல், றால்ஃப் பிளெய்ஸ்ரட் என்ற அமெரிக்கர் தம் தோழர்களுடன் பனிவண்டியிலேயே வடதுருவத்தை அடைந்தார். பொம்பார்டியே அதைக் காண இருக்கவில்லை. அவர் 1964 இல் காலமானார்.

கியர் இல்லாத வண்டி

நோயைப் பற்றிப் பேசுமுன் உடலைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். இவ்வண்டியிலே கியர்ப்பெட்டி இல்லை. யந்திரத்தின் சுழல்தண்டில் ஒரு கப்பி, அதற்குப் பின்னே மற்றொரு கப்பி, இரண்டையும் இணைக்கும் அகன்ற இறப்பர்ப் பெல்ற். ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரே நிற்கும் இரு கூம்புத் தகடுகளாலானது. யந்திரம் மெதுவாகச் சுழலும்போது முன்கப்பியின் தகடுகள் விலகி நிற்பதால் பெல்ற் இடையிலே சும்மா கிடக்கும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 3000 சுற்றுகளைத் தாண்டியதும், கப்பிக்குள் இருக்கும் சிறு எடைகள் வெளிப்புறமாக வீசப்பட்டுத் தகடுகளை நெருக்கும். பெல்ற் பிதுங்கி மேலே ஏறும். முன்னே அது மேலேற, பின்கப்பியில் வில்லின் அழுத்தத்தை மீறித் தகடுகள் விலக, அங்கே அது கீழிறங்கும். துவிச்சக்கர வண்டியில் முன்பல்சக்கரம் பெரிதாகிக்கொண்டும் பின்பல்சக்கரம் சிறிதாகிக்கொண்டும் வருவதாக எண்ணிக்கொண்டால் விளங்கும். ஏறுவதற்கு இலேசான கியரில் தொடங்கி ஓடுவதற்கு வேண்டிய கியர்வரை, இடையில் ஒரு படியுமின்றி, வண்டி தானே மாறிக்கொள்கிறது.

ஆகையால் வண்டி இழுக்கவில்லை என்றால் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யந்திரம் சுழல்கிறதா? சுற்றுமானியின் முள் உயரே சென்றும் வண்டி ஓடவில்லையாயின் குற்றம் பெல்ற்றிலோ கப்பியிலோ இருக்கும். பெறும் சக்தி வழியில் வழுக்கிப் போகின்றது. முள்ளே உயராவிட்டால், யந்திரம் பலவீனமாயிருக்கலாம். அல்லது ஏதோ ஒன்று அதனைப் பின்னே பிடித்து இழுக்கலாம். இந்த ஒரு கேள்வியைக் கேளாமல் சாமான் வாங்கத் தொடங்குபவர்கள்தாம் எங்கும் அதிகம். மருமகனும் அவர்களுள் ஒருவன். புதிய வில்லுகளும் எடைகளும் வருவிக்க அவன் ஏற்கனவே நிச்சயித்திருந்தான்.

பின்னே பிடித்து இழுப்பதை அத்தான் முதலில் நீக்கினார். பெல்ற்றைக் கழற்றி, வண்டியின் பின்பகுதியைத் தூக்கி நிறுத்தி, பட்டையைக் கையாற் சுழற்றினார். பிறேக் உரசவில்லை, பட்டையின் இறுக்கமும் அளவோடு இருந்தது. இரவில் நனைந்த பட்டை சட்டத்தோடு உறைந்துபோவதும் உண்டு. அப்படியாயின் வண்டியின் பின்புறத்தைத் தூக்கி அசைத்து விடுவித்த பின்னரே கிளப்ப வேண்டும்.

கழற்றிய பெல்ற்றை அளந்தபோது அது புதியதிலும் மூன்று மில்லிமீற்றர் ஒடுங்கியிருந்தது. மூன்று மில்லிமீற்றர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒடுங்கிய பெல்ற், வண்டி நிற்கும்போதே பின்கப்பியின் தகடுகளுக்கிடையே தாழ அமிழ்ந்துவிடுகின்றது. ஆகவே இலேசான கியரில் தொடங்க வேண்டிய வண்டி, அதைத் தவறவிட்டுச் சற்றுக் கனமான கியரிலே தொடங்குகிறது. முன்கப்பியிலோ அதே பெல்ற் முழு உயரத்திற்கு ஏறுவதில்லை. புறப்பாட்டிலும் நட்டம், ஓட்டத்திலும் நட்டம். புதிய பெல்ற் வாங்கப்பட்டது. கப்பித் தகடுகளில் மினுங்கிய கறையும் துடைக்கப்பட்டது. வீட்டு முற்றத்தில் வண்டி துள்ளிப் புறப்பட்டதைக் கண்டு நாம் கைதட்டினோம்.

அத்தான் கைதட்டவில்லை. மகனை ஏரிக்கரையோரமாக ஒரு கிலோமீற்றர் ஓட்டிவரச் சொல்லிவிட்டு, தொப்பியைக் காதுக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றார். அவன் திரும்பி வந்து, முள் 4800 க்கு மேலே போகவில்லை என்றான். அது 6500 வரை செல்ல வேண்டியது. பெல்ற்றின் குறை மெய்யே. ஆனால் அதன் பின்னே வேறொரு குறை ஒளிந்திருந்தது. பாதிச் சுகம் தரும் மருந்தைப் போல வைத்தியனை ஏமாற்றுவது வேறில்லை.

காதும் கையும்

பிளக்குகள் இரண்டும் கழற்றப்பட்டன. வலப்புறத்துப் பிளக்கின் முனை கோப்பி நிறமாக, ஆரோக்கியமாக இருந்தது. இடப்புறத்தது வெளிறிச் சாம்பல் வெண்மையாக இருந்தது. கருமையும் ஈரமுமாக இருந்தால் பெற்றோல் மிகை என்றும், வெளிறியிருந்தால் பெற்றோல் போதாமல் யந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகின்றது என்றும் கொள்ள வேண்டும். அமுக்கமானியை இரவல் வாங்கி இரு சிலிண்டர்களையும் சோதித்தோம். ஒன்றில் சதுர அங்குலத்திற்கு 118 இறாத்தல், மற்றதில் 114. இரண்டுக்கும் பத்திலொரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் பிஸ்டனைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். ஆகவே யந்திரத்தின் உடல் நன்றாகவே இருந்தது. அதற்குப் பசிதான்.

அது பசியா அஜீரணமா என்பதை நிச்சயிக்க அத்தான் கையாண்ட முறை மண்ணெண்ணெய்க் காலத்தது. “தம்பி, முழு விசையும் குடுத்துக்கொண்டு, அது திணறேக்கை சோக்கை அரைவாசி இழு.” மருமகன் நம்பிக்கையின்றிச் சென்றான். சோக்கை இழுத்தால் பெற்றோல் அதிகமாகச் செல்லும். ஏற்கனவே மிகையாயிருந்தால் யந்திரம் இன்னும் மூச்சு முட்டி அடங்கிவிடும். போதாதிருந்தால் தெம்பு பெற்று எழும். தூரத்தே வண்டி முனகிக்கொண்டிருந்த ஓசை சடுதியாக மாறி உயர்ந்து ஒலித்ததை நாமே கேட்டோம். முள் 5900 வரை பாய்ந்ததாக அவன் வந்து சொன்னான். அத்தான் தலையசைத்து, “பெற்றோல் காணாது” என்றார். காணாது என்ற சொல்லுக்கு மகன் வேறு பொருள் கொண்டு, எதைக் காணவில்லை என்று தேடத் தொடங்கியதும், போதாது என்று நாம் மொழிபெயர்க்க நேர்ந்ததும் தனிக் கதை.

பெற்றோல் போதாமல் வண்டியை ஓட்டுவது வெறும் வேகக் குறைவன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இது இரு வீச்சு யந்திரம். பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெயும் ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கிலே பெற்றோலோடு கலந்தே செல்கின்றது. பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், உஷ்ணமோ ஏறும். ஈற்றில் பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்ளும். அன்று நாம் கூழிலே நின்று விசையை அழுத்தியதெல்லாம் அந்த முடிவை நோக்கியே. எண்ணெயைச் சற்றுக் கூட்டி ஊற்றினால் பாதுகாப்பு என்று எண்ணுவோரும் உண்டு. அதே காபுரேற்றர்த் துளையினூடாக எண்ணெய் கூடச் சென்றால் பெற்றோல் குறையச் செல்லும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பின்னர் தாங்கியிலிருந்து தொடங்கிப் பெற்றோல் செல்லும் வழியே நடந்து சென்றோம் என்றே சொல்லலாம். தாங்கியின் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தோம். காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால் அதிலே குணம் தெரியும். தெரியவில்லை. வடிகட்டியில் சிறிது மண்ணிறத் தூள் இருந்தது, அதை மாற்றினோம். காபுரேற்றரின் கிண்ணத்தில், கோடை முழுவதும் தேங்கிக் கிடந்த பெற்றோல் பிசினாகப் படிந்திருந்தது. ஜெற்றுகளைக் கழற்றி ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்து, திராவகம் தெளித்து, காற்றினால் ஊதிச் சுத்தம் செய்தார் அத்தான். மருமகன் ஒரு கம்பியை நீட்டியபோது அவன் கையைத் தட்டிவிட்டார். ஜெற்றின் துளை மயிரிழைக் கணக்கானது. கம்பி ஒருமுறை கீறினால் அதன் அளவே மாறிவிடும். இவ்வளவும் செய்து முடிய மூன்றாம் நாள் மாலையாயிற்று. முள் 5000 ஐத் தொட்டது, அவ்வளவே.

அன்றிரவு மருமகன், போதும் அப்பா, விட்டுவிடுவோம் என்றான். தமக்கையார் அதை வழிமொழிந்தார். அத்தான் சோற்றைப் பிசைந்தபடி, “அது ஏன் இடப்பக்கம் மட்டும் வெளிறினது?” என்று தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

கேள்வி அதுதான். தாங்கியிலோ வடிகட்டியிலோ குறையிருந்தால் இரு பிளக்குகளும் ஒருங்கே வெளிற வேண்டும். இடப்புறக் காபுரேற்றரை யந்திரத்தோடு இணைக்கும் இறப்பர்க் கழுத்தில் வெடிப்பிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் வெளிறும். அதையோ பார்த்தாயிற்று, வெடிப்பில்லை. விடிவதற்கு முன்னரே அவர் விளக்கைப் போட்டுக்கொண்டு கராஜிலே இருந்தார்.

இவ்வண்டியில் பெற்றோலை இறைக்கும் பம்பிக்கு மின்சாரமோ தனிச் சக்கரமோ இல்லை. பிஸ்டன் மேலேறும்போது அதன் கீழுள்ள அறையில் உறிஞ்சலும், கீழிறங்கும்போது அமுக்கமும் மாறிமாறி உண்டாகின்றன. இந்தத் துடிப்பை ஒரு சாண் நீளமுள்ள இறப்பர்க் குழாய் பம்பிக்குக் கொண்டுசெல்கின்றது. பம்பிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அத்துடிப்புக்கு ஏற்ப விம்மித் தணிந்து பெற்றோலைத் தள்ளுகின்றது. இதயத்தின் வேலைதான். அந்தக் குழாய் பிறப்பது இடப்புறச் சிலிண்டரின் அடியிலிருந்து.

அத்தான் அக்குழாயைக் கழற்றி எம்மிடம் தந்தார். நாம் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அவர் அதை வாங்கி விரலிலே சுற்றி வளைத்தார். கீழ்ப்புறத்தில், பொருத்தும் முனையருகே, ஒரு வெடிப்பு மீனின் வாய்போலத் திறந்தது. நிமிர்த்தினால் மூடிக்கொண்டது. பின் அதை வெளியே பனியின்மேல் கால் மணி நேரம் வைத்தோம். குளிரில் இறப்பர் விறைத்துச் சுருங்க, வெடிப்பு வளைக்காமலே திறந்து நின்றது. கணப்புள்ள கராஜுக்குள் ஏன் எல்லாம் நலமாகத் தோன்றிற்று என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஒரு வெடிப்பு, இரண்டு விளைவுகள். உறிஞ்சும்போது வெளிக்காற்று அதனூடாக இடப்புறச் சிலிண்டருக்குள் புகுந்து கலவையை மெலிதாக்கிற்று. ஆகவே அந்தப் பிளக் மட்டும் வெளிறிற்று. அமுக்கும்போது துடிப்பு வெளியே கசிந்ததால் பம்பி சோர்ந்தது. ஆகவே முழு விசைக்கு வேண்டிய பெற்றோல் வந்து சேரவில்லை. மெதுவாக ஓடும்போது யந்திரத்திற்குத் தேவை சொற்பமாதலால் குறை தெரியவில்லை.

புதிய குழாய் அடிக்கு இரண்டு டொலர். தடித்த சுவருள்ளதாக, உள்விட்டமும் நீளமும் பழையதைப் போலவே இருக்குமாறு பார்த்து வாங்கினோம். மென்மையான குழாயோ நீண்ட குழாயோ துடிப்பைத் தானே விழுங்கிவிடும். இரு முனைகளிலும் கவ்விகள் இட்டு, வண்டியை வெளியே தள்ளிக் கிளப்பினோம். (கராஜுக்குள் கிளப்பினால் காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும், அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.) மருமகன் கரையோரம் சென்று மறைந்தான். ஓசை உயர்ந்து, இன்னும் உயர்ந்து, ஒரு சீராக நின்றது. 6400 என்று திரும்பி வந்து விரல்களால் காட்டினான். பிறகு அவனும் தகப்பனாரும் யந்திரத்தின்மேல் குனிந்துகொண்டு அரை மணி நேரம் என்ன பேசினார்கள் என்பதை நாம் கேட்கவில்லை. இரு மொழியும் கலந்து வந்தன.

அடுத்த வீட்டு முதியவர் வந்து பார்த்து மகிழ்ந்தார். குளிர் கடுமையாகும்போது காற்றின் அடர்த்தி மிகும் என்பதை அவர் நினைவூட்டினார். பூச்சியத்திலிருந்து அதற்குக் கீழே 30 பாகைக்கு இறங்கும்போது அது நூற்றுக்குப் பன்னிரண்டு வரையில் கூடிவிடுகின்றது. கூடிய காற்றுக்குக் கூடிய பெற்றோல் வேண்டுமாதலால், இளங்குளிருக்கென்று தேர்ந்த சிறிய ஜெற் கடுங்குளிரில் போதாமற் போகும். வேகத்தை விரும்பி ஜெற்றைச் சிறிதாக்கி, பிஸ்டனைப் பறிகொடுத்தவர்களை அவர் அறிவார். அவருடைய சொந்த வண்டி ஒரு தடவை இழுக்காமற் போனதற்கோ காரணம் வேறு: கோடையில் எலியொன்று காற்றுப் பெட்டிக்குள் கூடு கட்டிக் குட்டியும் போட்டிருந்ததாம். அன்றுமுதல் வாயிலே கம்பிவலை.

இரண்டு நாள் கழித்து மீண்டும் அக்குடிலுக்குச் சென்றோம். புறப்படுமுன் முதியவர் துளையிட்டு அளந்து காட்டினார். பனிக்கட்டி பதினான்கு அங்குலத் தடிப்பு இருந்தது. தெளிந்த புதிய பனிக்கட்டி ஐந்து முதல் ஏழு அங்குலமாவது இல்லாத இடத்தில் வண்டியைக் கொண்டுபோவது தகாது என்பது அங்குள்ளோர் கணக்கு. இம்முறை மகனுக்குப் பின்னால் அத்தான் அமர்ந்தார். நாம் முதியவரின் வண்டியில் ஏறினோம். முன்பு அமிழ்ந்த இடத்திற்கு அண்மையில் பனியின் நிறம் சற்றே சாம்பல் பூத்திருப்பதை அவர் கையாற் சுட்டிக் காட்டி விலகிச் சென்றார். மருமகனோ சிறிது தாமதித்து உணர்ந்தான். வண்டியின் பின்பகுதி ஒரு கணம் தாழ்ந்தது, முழக்கம் எழுந்தது, கூழை இருபுறமும் வாரியிறைத்துக்கொண்டு அவர்கள் கடந்து வந்தனர். அத்தானின் தொப்பி மாத்திரம் கூழிலே போய்விட்டது.

மூன்று மணிக்கே திரும்பிவிட வேண்டும் என்பது தமக்கையார் விதித்த நிபந்தனை. இரண்டே முக்காலுக்கு வாசலில் நின்றோம். வண்டியை விற்பதைப் பற்றி அவர் பின்னர் பேசவில்லை. ஆனால் இருக்கையின் கீழுள்ள பையைத் திறந்து காட்டும்படி கேட்டார். பழைய பெல்ற்றிலே ஒன்று, பிளக்குகள் இரண்டு, ஒரு சோடி உலர்ந்த காலுறை, மிகுதியாக வாங்கிய குழாயில் ஒரு சாண்: எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, காலுறை ஒன்று போதாது என்று உள்ளே சென்று இன்னுமொரு சோடி கொண்டுவந்து வைத்தார்.